படிக்கட்டில் நின்ற வாசனை

என் தம்பி மஸ்கட்டில் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கென்று ஏதாவது கொண்டுவருவான். பாதாம் பருப்பு, டார்ச் லைட், கோடாலித் தைலம், அவ்வளவுதான் வழக்கம். போன முறை மட்டும் கனத்த கண்ணாடிப் புட்டி ஒன்றில் சென்ட் கொண்டுவந்தான். முதலாளியம்மா கொடுத்ததாம். ஆசையாக மணிக்கட்டில் ஒரு அடி அடித்து மூக்கருகே கொண்டுபோனேன். அடுத்த நிமிடம் அடுப்படிக்கு ஓடி கேஸ் சிலிண்டரைத் திருகி மூடிவிட்டு நின்றேன்.

அப்படித்தான் அது எனக்கு அறிமுகமானது. எங்கேயோ எதுவோ கருகுகிற வாசம். ஈர விறகு, சாம்பிராணி, அதோடு ஆஸ்பத்திரி டிஞ்சர் மாதிரி ஒன்று. சோப்புப் போட்டுத் தேய்த்தும் சாயங்காலம் வரை போகவில்லை. தம்பியிடம் சொன்னதற்குச் சிரித்தான்.

"ஏக்கா, அது சட்டுனு பிடிக்காது. ஏழெட்டு வாட்டி போட்டுப் பழகணும். அங்க அதுக்கு அம்புட்டு மதிப்பு."

"சென்ட்டுக்கு ஒருத்தி பயிற்சி எடுக்கணுமாக்கும்" என்று கடுகடுத்தேன். ஆனால் அவன் மஸ்கட் திரும்பியதும் வாரம் தவறாமல் வீடியோ காலில், "போட்டியாக்கா?" என்று கேட்பான். பொய் சொன்னால் என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். அதனால் போட்டுக்கொண்டேன்.

நான் பயந்த சுபாவம். பெருமைக்காகச் சொல்லவில்லை, கணக்கு டீச்சர் பயந்தவளாக இருப்பதில் என்ன பெருமை. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். போன் அடித்தால் முதலில் சாவுச் செய்தியைத்தான் நினைப்பேன். புருஷனை விட்டுப் பிரிந்து வந்த பிறகு அந்தப் பயம் இன்னும் கூடிப்போயிற்று. தனியாக இருக்கிற பெண் என்றதும் திண்டுக்கல்லில் பாதி வீட்டுக்காரர்கள் "வேற ஆள் வந்துருச்சு" என்றார்கள். கடைசியில் நாகல் நகரில் ஒரு வீட்டு மாடி கிடைத்தது. கீழே வீட்டுக்காரம்மா மட்டும் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது, கணவர் தோல் வியாபாரம் செய்து இறந்துபோனவர், ஒரே மகள் சென்னையில். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்றார். என் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"மாடியில புகை மட்டும் ஆகாது டீச்சர். கொசுவத்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். எனக்கு நெஞ்சுக்குச் சேராது. அவுக போனதுலருந்து நானே போடறதில்ல."

மாடிக்கு ஏறும் படிக்கட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஜன்னல் இல்லாத சந்து போன்ற இடம். மேலே என் கதவு, கீழே அக்காவின் கூடத்தைப் பார்த்த கம்பிக்கதவு, அதில் ஒரு பழைய திரைச்சீலை. அறைக்குள் சென்ட் அடித்தால் எனக்குக் கேஸ் பயம் பிடித்துக்கொள்ளும் என்பதால், பள்ளிக்குக் கிளம்பும்போது கதவைப் பூட்டிவிட்டு மேல் படியில் நின்று அடித்துக்கொள்வேன். பிறகு ஷேர் ஆட்டோவைப் பிடிக்க மடமடவென்று இறங்கி ஓடிவிடுவேன். படியில் தெறித்ததையும் திரைச்சீலையில் பட்டதையும் நான் யோசித்ததே இல்லை.

முதல் வாரம் நரகம். ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர் தன் பையைத் திறந்து எதுவும் கருகுகிறதா என்று பார்த்தார். ஆசிரியர் அறையில் நெய்க்காரப்பட்டிக்காரத் தமிழ் டீச்சர், "ஏனுங்க டீச்சர், காலைலயே யாகம் வளத்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ அது கொஞ்சம் அடங்கியது. அடங்கியது அதுவா நானா என்று தெரியவில்லை. புகைதான், ஆனால் வீடு எரிகிற புகை இல்லை என்ற அளவுக்கு மூக்கு சமாதானமாயிற்று.

அந்தச் சமயத்தில் ஒருநாள் சாயங்காலம், நான் உள்ளே நுழைந்ததும் அக்கா கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

"டீச்சர், காலையில மேல சாம்பிராணி போட்டீகளா?"

புகை ஆகாது என்று அவ்வளவு சொல்லியிருந்தாரே. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்ற ஒரே நினைப்புதான்.

"இல்லக்கா. நான் ஒண்ணுமே கொளுத்தலயே."

ஒவ்வொரு சொல்லும் நிஜம். நான் எதையும் கொளுத்தவில்லை. சென்ட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அக்கா "அப்படியா" என்று மெதுவாகச் சொல்லி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். வலியாக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தேத்தண்ணி குடிக்க வரச் சொன்னார். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யார்ட்டயும் சொல்லிராதீக. என் மக அத்தா வாராக."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கமாகச் சொன்னார். நாலு வருடம் முன்பு ஒருநாள் காலை எட்டு மணிக்கு, "போயிட்டு வாரேன்" என்று சொல்லி வாணியம்பாடிக்குத் தோல் விஷயமாகப் போனவர் அவர் கணவர். அங்கேயே நெஞ்சு அடைத்து மௌத்தாகிவிட்டார். அவர் மேல் எப்போதும் தோல் கிடங்கின் வாசமும் சாம்பிராணி வாசமும் கலந்து இருக்கும். வியாழக்கிழமை தவறாமல் அந்தி மஃரிபு வேளையில் சாம்பிராணி போட்டு, வீடு முழுக்கச் சட்டியைக் கொண்டுபோவார். இப்போது பத்துப் பன்னிரண்டு நாளாக, சரியாகக் காலை எட்டு மணிக்கு, அந்த வாசம் படிக்கட்டிலிருந்து வருகிறதாம்.

"வெள்ளி ராத்திரி மௌத்தானவுக ரூஹு வீட்டுக்கு வரும்னு எங்க பெரியவுக சொல்வாக. இவுக தினமும் வாராக டீச்சர். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வாரதில்ல."

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பள்ளி கிடையாது. தேத்தண்ணி டம்ளரைக் கீழே வைத்தேன். அப்போதே சொல்லியிருந்தால் ஒரு நிமிட வெட்கத்தோடு போயிருக்கும். சொல்ல வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்தேன். நாலு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடு மாதிரி இருந்த முகம், ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. வாயை மூடிக்கொண்டேன். கருணை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் முக்கால்வாசி கோழைத்தனம்.

"மொதல்ல எலுமிச்சந்தோல் மாதிரி சுருக்குனு வரும்" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "அப்புறம் புகை. அதுக்குப் பயந்து எந்திரிச்சுப் போயிறக் கூடாது. செத்த நேரம் பொறுத்து உக்காந்திருக்கணும். மதியம் லுஹர் பாங்கு சொன்னதுக்கப்புறம் பாத்தா, புகைக்கு அடியில ஒரு இனிப்பு கெடக்கும். புதுத் தோல் பையில பேரீச்சம்பழத்தைக் கட்டி வச்சிருந்த மாதிரி. அதுதான் அவுக."

மறுநாள் மதியம் ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் மணிக்கட்டை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருந்தது. அவர் சொன்ன இனிப்பு, அவர் சொன்ன தோல், புகைக்குக் கீழே, இத்தனை நாளும் நான் கண்டுகொள்ளாமல் விட்ட இடத்தில் இருந்தது. தம்பி ஏழெட்டு வாட்டி என்றான். எனக்குப் பதினைந்து நாளும் ஒரு விதவையின் மூக்கும் தேவைப்பட்டன. அது அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று தெரிந்த அதே நேரத்தில் கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டேன். முன்பின் பார்த்திராத ஒரு மனிதரின் உடம்பு வாசத்தை என் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேனே.

ஆனாலும் விடவில்லை. விட்டால் அக்கா தவித்துப்போவார் என்று ஒரு சாக்கு. எனக்கே அது பிடித்துப்போயிற்று என்பது இன்னொரு உண்மை. காலையில் மேல் படியில் நின்று புட்டியை எடுக்கும்போதெல்லாம், கீழே கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும் சத்தம் கேட்கும். அடித்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி அவரைக் கடந்து ஓடுவேன். அவர் என்னைப் பார்க்க மாட்டார். எனக்குப் பின்னால் வருகிறவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

சர்ச்சில் பூசைக்குப் போனபோது பாவசங்கீர்த்தனத்தில், "பொய் சொன்னேன்" என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லதாகப் போயிருக்கும்.

அடுத்த மாதம் அக்கா மாவு அரைக்கும்போது மயங்கி விழுந்தார். மகள் சென்னையிலிருந்து வந்து மதுரைக்குக் கூட்டிப்போனாள். மூன்று இடத்தில் அடைப்பு. நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன், தள்ளிப்போட்டால் எப்போது வேண்டுமானாலும் என்னவும் ஆகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வந்த அன்றைக்கே அக்கா, "நான் போகல" என்று உட்கார்ந்துவிட்டார். மகள் அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். கடைசியில் என்னைக் கீழே கூப்பிட்டாள்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் சொல்வதற்குள் அக்கா பேசினார். "வாரேன்னு சொல்லிட்டுப் போனவுக இப்பத்தான் அந்த வாசத்தோட வர ஆரம்பிச்சிருக்காக. நான் கதவைப் பூட்டிட்டு மதுரையில போய்ப் படுத்துக்கிட்டா, அவுக வந்து பாத்துட்டு ஆள் இல்லைன்னு திரும்பிற மாட்டாகளா?"

"மார்க்கத்துல அப்படியெல்லாம் கிடையாதும்மா" என்றாள் மகள். "மாடியில குடியிருக்கிற டீச்சரையே கேளுங்க. அவங்களுக்கு ஏதாவது வாசம் வருதான்னு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "ஆபரேஷன் பண்ணிக்கிறதுதான் நல்லதுக்கா" என்று மட்டும் சொன்னேன். அன்று முழுவதும் மகள் கெஞ்சியதில், வரும் புதன்கிழமை போவதற்கு அக்கா அரை மனதாகத் தலையாட்டினார்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். வாசம் வராமல் நின்றுவிட்டால் அவர் மனமும் அந்தக் காத்திருப்பை விட்டுவிடும் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து புட்டியைத் தொடவில்லை. துணியை நனைத்துப் படிகளைத் துடைத்தேன். திரைச்சீலையைத் துவைத்துத் தருகிறேன் என்று வாங்கிப்போனேன். மூன்றாம் நாள் அக்கா, எடுத்து வைத்த பையைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப பீரோவில் அடுக்கினார்.

"கோவிச்சுக்கிட்டாக. நான் போறேன்னு ஒத்துக்கிட்டதுலருந்து வரல. நான் எங்கயும் போகல, விட்டுருங்க."

அன்றைக்கு எனக்கு வந்த பயத்தை அதற்கு முன்போ பின்போ நான் பட்டதில்லை. போட்டாலும் அவரைக் கட்டிப்போடுகிறேன், போடாவிட்டாலும் கட்டிப்போடுகிறேன். அவர் செத்துப்போனால் மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள். என் பெயர் எங்கேயும் வராது. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று நினைப்பு ஓடும். சாயங்காலம் தெருமுனை திரும்பும்போது வீட்டு வாசலில் கூட்டம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவேன்.

இடையில் ஒரு யோசனையும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மதுரைக்குக் கொண்டுபோகும் தலையணை உறையில் கொஞ்சம் அடித்துவிட்டால் போதும். அவர் கூடவே வருகிறார் என்று அக்கா நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். நிச்சயம் பலித்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் மகள் மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது புட்டியைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு கீழே போனேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். மூடியைக் கழற்றினேன். அவர் தூக்கத்தில் மூச்சு வாங்க, ஒரு கை நெஞ்சின் மேல் கிடந்தது. இன்றைக்கு அடித்தால் நாளைக்கும் அடிக்க வேண்டும். அவர் இருக்கிற காலம் வரைக்கும் நான் அந்த மனிதராக இருக்க வேண்டும். மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் புட்டியை வெளிப்படையாகக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மகள் உள்ளறையில் படுத்திருந்தாள். அக்கா கூடத்தில் இருந்தார். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"அக்கா, அந்த வாசம் இதுலருந்துதான் வந்துச்சு. நான்தான் தினமும் போட்டேன். அன்னைக்கு நீங்க கேட்டப்ப, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவீகளோன்னு பயந்து சொல்லாம விட்டுட்டேன்."

அவர் கோபப்படவில்லை. புட்டியை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தார். முகம் சுளித்தது. பிறகு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"இது இல்ல டீச்சர். இது என்னமோ டிஞ்சர் மாதிரி நெடியடிக்குது. என்னை ஆசுபத்திரிக்கு அனுப்பணும்னு நீங்களும் என் மகளும் சேந்து சொல்றீக."

அந்த இடத்திலேயே நான் தப்பித்திருக்கலாம். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், அவர் நம்பவில்லை என்று மாடிக்குப் போயிருக்கலாம். கால்கள் போகத்தான் பார்த்தன.

"புட்டியில தெரியாதுக்கா. உடம்புல பட்டு நேரம் ஆகணும்."

கையை நீட்டினார். மணிக்கட்டில் ஒரு அடி அடித்தேன். எதிரில் தரையில் உட்கார்ந்தேன். மணி இரண்டரை இருக்கும். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் செய்வதற்கு எதுவும் இல்லை. அது தன்பாட்டுக்கு மாற வேண்டும், நாங்கள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எலுமிச்சை. அக்காவின் புருவம் சற்று உயர்ந்தது. "அத்தர் எல்லாமே இப்படித்தான் இருக்கும்" என்றார். அரை மணி நேரத்தில் புகை ஏறி வந்தது. அவர் கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். நான் இருந்த இடத்துக்கே எல்லாம் தெரிந்தது. பச்சை எலுமிச்சை எங்கே முடிகிறது, பிசின் எங்கே உருகுகிறது, விறகு எங்கே தணிகிறது என்று ஒவ்வொன்றும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது அன்றைக்குத்தான். அது மாற வேண்டாம், இந்தப் புகையோடு நின்றுவிட வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். நானே சொல்ல வந்துவிட்டு நானே பொய்யாக வேண்டும் என்று வேண்டினேன்.

பிற்பகல் அசர் பாங்கு கேட்டது. அக்கா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பாங்கு முடிந்ததும் மெல்லக் கையைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே வைத்திருந்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. கண்ணீர் முழங்கை வரைக்கும் இறங்கியது, சத்தம் மட்டும் இல்லை.

"அப்ப அவுக ஒரு தடவகூட வரலயா டீச்சர்?"

"இல்லக்கா."

அதைவிடச் சின்னச் சொல்லை என் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை. அதைவிடக் கொடியதையும் சொன்னதில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப நான் போகலாம்."

அவர் எந்தப் போவதைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கக்கா?" என்றேன்.

"மதுரைக்குத்தான். இங்க காத்துக்கிட்டு இருக்க இனிமே என்ன இருக்கு."

புதன்கிழமை போனார்கள். ஆபரேஷன் நடந்த அன்று நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, போனை மேசை மேல் வைத்து அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். இருக்க வேண்டும் என்ற ஆசை இல்லாமல் படுத்த உடம்பை எந்த டாக்டர் என்ன செய்ய முடியும் என்று நினைத்து நினைத்து வாய் கசந்துபோயிற்று. நாலு மணிக்கு மகள் கூப்பிட்டாள். "முடிஞ்சுது டீச்சர். நல்லா இருக்காங்க." போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன்.

இரண்டு வாரம் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார், ஆனால் கூடத்தில் மெல்ல நடந்தார், கஞ்சி குடித்தார், டிவி பார்த்தார். நான் காலையில் இறங்கும்போது "போயிட்டு வாங்க டீச்சர்" என்பார். வேறு பேச்சு இல்லை. நான் சென்ட் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாதம் அப்படியே ஓடியது. என்னை மன்னித்துவிட்டார் என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை கம்பிக்கதவருகே என்னை நிறுத்தினார்.

"டீச்சர், வேற வீடு பாத்துக்கிறீகளா?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்களைப் பார்த்தேன்.

"உங்க மேல கோவம்னு நெனச்சுக்கிறாதீக. நீங்க சொன்னதாலதான் நான் உசுரோட இருக்கேன், அது எனக்குத் தெரியும். ஆனா காலையில நீங்க படியில இறங்குற சத்தம் கேட்டா, உங்களுக்குப் பின்னாடி அவுக வாராகளான்னு மனசு பாக்குது. வரமாட்டாகன்னு தெரிஞ்சும் பாக்குது. இந்தத் தச்ச நெஞ்சுக்கு அது தினமும் முடியல டீச்சர்."

"சரிக்கா" என்றேன். அந்த மாதக் கடைசியிலேயே வீடு மாறினேன்.